தகரத்துக்குப் பறக்காதவை

தாரிகா அப்பாவின் உதட்டை ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் கையை உயர்த்தி யன்னலைக் காட்டினார்.

"தின்னுது. கேக்கேல்லையே?"

"ஒண்டும் இல்லையப்பா. காத்துச் சத்தம்."

"வெட்டுக்கிளி. தகரத்தைத் தட்டு பிள்ளை."

விடிந்ததிலிருந்து இதே பேச்சுத்தான். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு அப்பா செல்வரத்தினத்தை வேலணைத் தீவிலிருந்த வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். அவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. உயர்த்திய கை இறங்கவுமில்லை.

தாரிகாவுக்கு இருக்க ஏலவில்லை. கதிரையில் இருந்தாள், எழும்பினாள், மருந்துப் போத்தல்களை இடம் மாற்றி வைத்தாள். குசினிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். கட்டிலருகில் அசையாமல் இருந்த அம்மா அம்பிகையைப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாவன்" என்றாள் அம்பிகை. "மனம் ஆறிக் கிடப்பார்."

பின்வளவின் முதல் வாழையடியிலேயே தாரிகா நின்றுவிட்டாள்.

இலைகளில் நடுநரம்புதான் மிஞ்சியிருந்தது. பப்பாசியிலும் முருங்கையிலும் விரல் நீளப் பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கரும்பச்சைச் செட்டை, அதில் மஞ்சள் பொட்டுகள். அவள் யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். பார்த்ததுமே தெரிந்தது, இது பாலைவனத்து வெட்டுக்கிளி இல்லை. அது தனியே திரியும்வரை சாது. நெருக்கத்தில் பின்னங்கால்கள் உரசுப்பட, நிறமும் குணமும் மாறி வானத்தை மறைத்துக் கிளம்பும். இது வேறு சாதி. பிடித்தால் நுரை கக்கும், தத்தும், தூரம் பறக்காது. தகரச் சத்தத்துக்கெல்லாம் அசையாது.

அப்பா பிதற்றவில்லை.

வேலியோரம் கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தையும் ஒரு தடியையும் எடுத்துத் தட்டினாள். ஒன்றும் பறக்கவில்லை. இன்னும் பலமாக, வாழைக்கு வாழை ஓடி ஓடித் தட்டினாள்.

பக்கத்து வளவு றோஸ் வேலி இடைவெளிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். மரங்களைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"யேசுவே! வேதத்தில சொன்ன படை மாதிரியெல்லே வந்திருக்கு."

அவள் ஈரச் சருகைக் கூட்டி நெருப்பு வைத்தாள். தாரிகா ஒரு கரிந்த மட்டையால் தணலைக் கிளறி, மறுபடி ஓடிப்போய்த் தட்டினாள். புகை கண்ணைக் கரித்தது.

"வெட்டுக்கிளி திண்ட வருசங்களைத் திருப்பித் தருவன் எண்டும் ஆண்டவர் சொன்னவர்" என்றாள் றோஸ்.

"எந்த வருசங்களையக்கா?"

றோஸ் இன்னொரு பிடி சருகை நெருப்பில் போட்டாள். இரண்டு குடும்பமும் தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஒன்றாகத் தீவைவிட்டு ஓடியவை. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் பற்றை வளர்ந்திருந்தது. அந்தப் பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, அப்பா வைத்த தோட்டம் இது.

நீங்கள் சொன்னது சரி என்று யாராவது அவருக்குச் சொல்லவேண்டும். தாரிகா தகரத்தை றோசிடம் கொடுத்து, தட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, ஓமப்பா, வெட்டுக்கிளி வந்துதான்..."

கண்கள் மூடப்பட்டிருந்தன. அம்மாவின் கை அவர் நெற்றியில் இருந்தது.

"எப்பம்மா?"

"இப்ப, கொஞ்சம் முந்தி."

"ஏன் கூப்பிடேல்லை? நான் உந்தா, பின்வளவிலதானே நிண்டனான்!"

அம்பிகை சேலைத் தலைப்பால் அவர் கழுத்து வேர்வையை ஒற்றினாள்.

"நீ தட்டத் தொடங்கினவுடன கை இறங்கிட்டுது. 'போகுது, போகுது' எண்டார். பிறகு மூச்சு இழுக்கேக்க உன்னைக் கூப்பிட வாய் எடுத்தனான்." அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள். "கூப்பிட்டால் நிப்பாட்டிப் போடுவாய்."

தாரிகா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பூச்சிகூடப் போகவில்லை. அதை அவள் சொல்லவில்லை.

வெளியே தகரச் சத்தம் நின்றது.

"தாரிகா, தட்டினது காணுமே? நிப்பாட்டட்டே?"

அம்பிகை எழும்பி யன்னலடிக்குப் போனாள்.

"வேண்டாம் றோஸ். இன்னும் கொஞ்சம் தட்டும்."

தாரிகா அலுமாரியைத் திறந்து, தோய்த்து மடித்த வேட்டியொன்றை எடுத்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட அதிலிருந்து ஒரு துண்டு கிழித்தாள். கிழித்த விளிம்பெல்லாம் அவள் கையிலிருந்த நெருப்புக் கரி அப்பியிருந்தது. வேறு துண்டு கிழிக்காமல் அதையே கட்டினாள்.