அம்மன் பேரில் இருந்த வீடு

அப்பா கண்ணை மூடுவதற்கு முன்பே வீட்டை அம்மன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். கூடத்து மூலையில் ஒரு சாண் உயரத்தில் நிற்கும் குடும்பத்து அம்மன்தான். சாமி சொத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், பிள்ளைகள் இருவரும் நடுத்தெருவுக்கு வர மாட்டார்கள் என்று நினைத்தார், பாவம்.

சில வருடங்களில் தம்பியே வீட்டை விற்க ஆள் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். சொந்தமாகப் பட்டறை போடும் ஆசை அவனுக்கு.

"கல்லுக்கு எதுக்குக்கா மூணு ரூமு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. தாயில்லாத குறை தெரியாமல் அவனை வளர்த்தவள் அவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தே வயதைக் கழித்தவள். வீடு போனால் பணமும் போய்விடும், இவனும் ஊர் சுற்றுவான் என்று பயந்து வக்கீலைப் பார்த்தாள்.

"சட்டத்துக்குச் சாமியும் ஒரு ஆள்தாம்மா," என்றார் வக்கீல். "சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம். ஆனா என்னைக்கும் மைனர். அதுக்காக யாராவது பேசணும். நீங்க பேசுறீங்களா? எதிர்ல நிக்கப்போறது உங்க தம்பி."

"அவனுக்காகத்தான் சார் பேசவே போறேன்."

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அக்கா சாட்சிக் கூண்டில் ஏறியபோது தம்பியின் வக்கீல் கேட்டார்: "பிரதிவாதியை எவ்வளவு காலமாத் தெரியும்?"

"பொறந்த அன்னைக்கு நான்தாங்க முதல்ல கையில வாங்கினேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

தீர்ப்பு அம்மனுக்குச் சாதகமாக வந்தது. வீட்டை விற்க முடியாது, நிர்வாகமும் பூஜையும் அக்காவுக்கு. கூடவே ஒரு வரி: பூஜை செய்பவரைத் தவிர வேறு யாரும் நீதிமன்ற அனுமதியின்றி அங்கே குடியிருக்கக் கூடாது. அந்த வரியை அவள் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. தம்பி அன்றே துணிமணிகளைக் கட்டினான்.

"உன் புள்ளைய நல்லாப் பாத்துக்க," என்று அம்மனைக் காட்டிச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வருடக்கணக்கில் பெயின்ட் புகையைக் குடித்த தம்பியின் நெஞ்சு ஒருநாள் மக்கர் பண்ணியது. வேலை பார்த்த பட்டறைக்குப் பின்னால் இருந்த தகர அறையில் அவன் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து அக்கா ஆடிப்போனாள்.

"எந்திரிடா, வீட்டுக்குப் போலாம். யார் கேக்குறாங்கன்னு பாக்குறேன்."

"திருட்டுத்தனமா வரமாட்டேன்." வார்த்தைக்கு வார்த்தை இருமினான். "கோர்ட்டுல சொல்லித்தானே அனுப்புன? கோர்ட்டுல சொல்லியே கூப்பிடு."

பிடிவாதத்தில் அவன் அவளையே உரித்து வைத்திருந்தான். அவள் மனுப் போட்டாள். அம்மன் சார்பில்தான் போட வேண்டியிருந்தது. ஒரு முறை நீதிபதி விடுப்பு, ஒரு முறை வக்கீல்கள் வேலைநிறுத்தம் என்று வாய்தா மேல் வாய்தா. அவள் தினமும் கஞ்சி கொண்டு போய் ஊட்டினாள். அவனும் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான்; வீட்டுப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒருவழியாக மனுவைக் கூப்பிட்டார்கள்.

"அம்மன் தரப்பில் ஆட்சேபணை இல்லையே?" என்றார் நீதிபதி.

"இல்லீங்க ஐயா."

அனுமதி கிடைத்தது. வெளியே வந்த வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கே தம்பியைக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா."

"அவன் போன வாரமே போய்ட்டான் சார்."

வக்கீல் நடையை நிறுத்தினார். "ஏம்மா சொல்லல? சொல்லியிருந்தா மனுவை அப்பவே முடிச்சிருப்பாங்களே."

"அதான் சொல்லல. நான் போட்ட கேஸுல, அவனை வெளிய அனுப்புனதுதான் கோர்ட்டோட கடைசி வார்த்தையா இருந்துச்சு. அப்படியே இருந்துடக் கூடாதுன்னு தோணுச்சு."

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, விளக்கை ஏற்றினாள். அது அவள் பொறுப்பு, தீர்ப்பிலேயே இருக்கிறது. கும்பிடத்தான் கை எழவில்லை. அம்மன் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், எண்ணெய் தீர்ந்து திரி கருகும் வரை எழுந்திருக்கவில்லை.