முறை வந்த வீடு

தின்லெஸ் எழுந்தான். கம்பளியை மடித்து மூலையில் வைத்தான். வெளியே போய், வாளித் தண்ணீரின் மேல் படிந்திருந்த மெல்லிய பனித்தகட்டை விரல்முட்டியால் உடைத்து முகம் கழுவினான். அடுப்படிக்கு வந்து குடுவைகளில் வெந்நீர் நிரப்பினான். விருந்தாளிகளின் பூட்ஸைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகம் விட்டிருக்கிறதா என்று பார்த்தான். அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிய தன் சாக்ஸை எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். காய்ந்திருந்தது. போட்டுக்கொண்டான். ரொட்டியில் பாதியைப் பிய்த்து உப்புத் தேநீரில் நனைத்துத் தின்றான். பசி இல்லை. நடக்க வேண்டும், அதனால் தின்றான்.

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினான். தினமும் கேட்பதையே கேட்டான். தூக்கம் வந்ததா, வயிறு சரியாக இருக்கிறதா, தலை வலிக்கிறதா.

புனேயிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அச்யுத் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தலை லேசாக வலிக்கிறது என்றார்.

"வலிக்கிறதுக்கு உள்ள ஏதாவது இருக்கணுமே" என்றாள் சுலபா, போர்வையை மடித்துக்கொண்டே.

யாங்தாங்கில் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் கூரையில், சாண வறட்டி அடுக்கியிருந்த மூலையில் மட்டும்தான் போன் எடுக்கும். தின்லெஸ் அங்கே ஏறி நின்று, அன்று போய்த் தங்க வேண்டிய ஊரான ஷுக்பாச்சனுக்குப் பேசினான். அங்கே வருகிறவர்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் தங்க அனுப்புவார்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை விருந்தாளிக்கும் இல்லை, கூட்டி வருகிற தின்லெஸ் போன்ற வழிகாட்டிக்கும் இல்லை. முறையைப் பார்த்துக்கொள்கிறவர் முட்டுப்.

இன்று உன் மாமனார் வீடு என்றார் முட்டுப்.

வேறு வீடு இல்லையா என்று கேட்டான்.

"ஒரு வீட்ல கல்யாணம். மத்தவங்க எல்லாரும் வயல்ல கெடக்கறாங்க. முறைன்னா முறைதான் தம்பி. எத்தனை தடவைதான் ஓடைக்கரையில போய்ப் படுப்ப? மீனா நீ?"

முட்டுப் சொன்னது தப்பில்லை. இந்தக் கோடையில் அந்த வீட்டு முறை வந்தபோதெல்லாம் தின்லெஸ் ஓடைக்கரையில் கூடாரம் போட்டுவிட்டான். ஒரு தடவை, கூடாரம் இல்லாமல் வந்தவர்களை அதற்கும் அடுத்த ஊரான அங் வரைக்கும் ஒரே நாளில் நடத்திக் கூட்டிப்போனான். கடைசி இறக்கத்தில் அவர்களில் ஒரு பெண் அழுதுவிட்டாள். இவர்களிடமும் கூடாரம் இல்லை. அச்யுத்தின் முழங்காலை வைத்துக்கொண்டு அங் வரைக்கும் போக முடியாது.

ஏப்ரலில், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவன் மனைவி பல்மோ இறந்தாள். தின்லெஸுக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிற வீட்டுக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் செய்தார்கள். குளிப்பாட்டினார்கள், தூக்கினார்கள், எரித்தார்கள். வீட்டு ஆட்கள் உடலைத் தொடுவதில்லை. அவன் உள்ளறையில் உட்கார்ந்திருந்தான். பிறகு அவளுடைய துணிகள் மடாலயத்துக்குப் போயின. பச்சைக்கல் பதித்த தலையணி அவள் தங்கைக்குப் போனது. செருப்புகூட யாருக்கோ போயிற்று. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் அவன் அருகில் வந்து, கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு மாமனார் வீட்டுக்குப் போகவில்லை.

ஏன் கேட்கிறாள் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். போகிற உயிர் கடைசியாக எதை நினைத்தது என்பது முக்கியம் என்று லாமா சொல்லியிருந்தார். சாமி பெயரைச் சொல்லியிருந்தால் நல்லது. அவள் சாமி பெயரைச் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுமில்லாத ஒரு பேச்சு. அதைப் போய் அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது. அதோடு, அவளுடையது என்று அவனிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஊர் வந்து எடுத்துக்கொண்டு போயாயிற்று.

இன்று மறுபடியும் கேட்பாள்.

அவர்கள் கிளம்பினார்கள். யாங்தாங்குக்குக் கீழே பாதை ஓடைக்கு இறங்குகிறது. ஓடையின் குறுக்கே கிடந்த பலகையை முந்தின நாள் மழை அடித்துப் போயிருந்தது. தின்லெஸ் பைகளை அக்கரைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஓடை நடுவில் நின்றுகொண்டு, கல் கல்லாகக் காலை வைக்கச் சொல்லி இருவரையும் கைபிடித்துக் கடத்தினான். தண்ணீர் அவன் பூட்ஸுக்குள் இறங்கியது. குளிரில் கொஞ்ச நேரம் பாதம் எரிந்தது, பிறகு மரத்துப்போனது.

ஏற்றத்தில் அச்யுத் நான்கு எட்டுக்கு ஒரு தடவை நின்றார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அரை மணி நேரம் என்றான். காலையிலிருந்து அரை மணி நேரம்தான் சொல்கிறாய் என்றார்.

"முப்பது வருஷமா ரெண்டு நிமிஷத்துல கிளம்பறேன்னு எங்கிட்ட சொல்லிட்டிருந்தீங்கல்ல. அனுபவிங்க" என்றாள் சுலபா.

கணவாயின் மேல் காற்று அடித்தது. அங்கே கட்டியிருந்த மந்திரக் கொடிகள் படபடத்தன. சுலபா பாதாம் எடுத்து அவன் கையில் கொட்டினாள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றான். மனைவி ஊரில் இருக்கிறாளா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

வெயில் சாயும்போது ஷுக்பாச்சனுக்கு இறங்கினார்கள். வயல்களில் பார்லியை அறுத்துக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மாமனார் வீட்டுக் கூரையில் ஒரு உருவம் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் திருப்பத்தில் தெரிந்ததும் உள்ளே போய்விட்டது.

மாமனார் வாசலில் வந்து ஜூலே என்று வணக்கம் சொல்லி அச்யுத்தின் பையை வாங்கிக்கொண்டார். எல்லோரையும் அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரோரமாகக் கம்பளங்கள் வரிசையாக விரித்திருந்தன. பெரியவர்களும் சொந்தக்காரர்களும் அடுப்புப் பக்கம் உட்காருவார்கள். வழிகாட்டிகள் கதவுப் பக்கம். தின்லெஸ் கதவுப் பக்கம் உட்கார்ந்தான். மாமனார் அடுப்பை ஒட்டிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அவன் பார்க்காததுபோல் இருந்தான்.

மாமியார் தேநீரோடு வந்தாள். சடங்கன்று பார்த்ததற்கு இளைத்திருந்தாள். அவன் முறைப்படி உள்ளங்கையால் கோப்பையை மூடினான். அங்கே எவரும் முதல் தடவையில் வாங்குவதில்லை. வேண்டாம் என்று மூட வேண்டும், அவர்கள் வற்புறுத்த வேண்டும், மறுபடி மூட வேண்டும், கையைத் தள்ளிவிட்டு ஊற்ற வேண்டும். எதிரி வந்தாலும் அப்படித்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள். வற்புறுத்தவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சுலபாவிடம் போய்விட்டாள்.

அவன் கையை எடுக்கத் தோன்றாமல் காலிக் கோப்பையை மூடியபடியே கொஞ்ச நேரம் இருந்தான்.

சாப்பாடு ஆகும்வரை இளைப்பாற விருந்தாளிகள் மாடிக்குப் போனதும் தின்லெஸ் முற்றத்துக்கு வந்தான். மாமனார் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடைக்கரையில தூக்கம் நல்லா வந்துச்சா மாப்பிள்ளை, கோடை பூரா?"

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு உங்க அத்தை ஒண்ணு கேட்டா. நீங்க எழுந்து போயிட்டீங்க. எதுக்குக் கேட்டான்னு நெனைச்சீங்க?"

"சாமி பேரைச் சொன்னாளான்னு கேட்டாங்க."

"அதையெல்லாம் நான் கேப்பேன். அவ கேக்கமாட்டா." அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டார். "பல்மோ போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன்ல ஆத்தாளுக்கும் மகளுக்கும் சண்டை. விதைக்க ஆளில்ல, வந்துட்டுப் போடின்னா இவ. வரமுடியாதுன்னா அவ. இவ வாய்தான் சும்மா இருக்காதே. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதேன்னுட்டு போனை வெச்சுட்டா. விடிஞ்சா சேதி வருது."

"எனக்குத் தெரியாது மாமா. பல்மோ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"அது உங்களுக்குத் தெரியும். இவளுக்கு எப்படித் தெரியும்? முறை வர்றப்பல்லாம் நீங்க தாண்டிப் போறீங்க. ஊரே பாக்குது. மக எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கண்ண மூடியிருக்கா, அதான் மாப்பிள்ளையும் வாசப்படிய மிதிக்கலன்னு இவ முடிவே பண்ணிட்டா. உங்க கூட்டம் வர்ற நாளெல்லாம் கூரையில நின்னு பாப்பா. நீங்க அந்தப் பக்கம் திரும்புனதும் இறங்கி வந்து படுத்துக்குவா. அன்னைக்குச் சோறு கிடையாது. எனக்கும்தான்."

தின்லெஸ் முற்றத்தில் நின்றான். ஓடைக்கரையில் படுத்த நாட்களை நினைத்துப் பார்த்தான். அங்கிருந்து இந்தக் கூரை தெரியும். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுப்படிக்குத் திரும்பினான். மாமியார் மாவை உருட்டி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கொதிக்கிற குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதவுப் பக்கம் உட்காரவில்லை. அடுப்பை ஒட்டி, மாமனார் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தான். அவள் திரும்பவில்லை. மாடியில் சுலபா, தைலத்தைக் கொண்டு வரச் சொன்னால் எதைக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று அச்யுத்தைத் திட்டுவது கேட்டது.

சூட்டில் அவன் பாதங்களிலிருந்து ஆவி எழுந்தது. கதவிலிருந்து அடுப்பு வரை தரையில் ஈரத் தடம் விழுந்திருந்தது. மாமியார் தடத்தைப் பார்த்தாள். பிறகு பாதங்களைப் பார்த்தாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினாள். அவன் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பிழிந்து, உதறி, அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டாள். பல்மோ உதறுகிற மாதிரியே இரண்டு உதறல்.

அப்புறம் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்தாள். அவன் கோப்பையை மூடவில்லை. இரண்டு கையாலும் நீட்டினான். அவள் விளிம்பு வரை ஊற்றினாள். பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"திட்டல?"

"இல்ல."

"கோவமா இருந்தாளா? மூஞ்சிய எப்படி வெச்சிருந்தா?"

"மூஞ்சிய நான் பாக்கல. அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தா. பால் பொங்குதான்னு பாத்துட்டு. ஏதோ பாட்டு முணுமுணுத்துட்டிருந்தா."

மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னதான் சொன்னா?"

அவன் தேநீரைப் பார்த்தான். மேலே வெண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. இதுவும் போய்விடும் என்று தோன்றியது. நாளைக்கு மாமனாருக்குத் தெரியும், பிறகு தங்கைக்கு, பிறகு ஊருக்கு. போகட்டும் என்றிருந்தது. அவன் மிகவும் களைத்திருந்தான்.

"பெருசா ஒண்ணும் இல்ல அத்தை" என்றான்.

"பரவால்ல. சொல்லுங்க."

அவன் சொன்னான். அன்று விருந்தாளிகளை அழைத்துவர விடியும்போதே லே நகரத்துக்குக் கிளம்பியது, வண்டிக்காரன் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் கம்பியிலிருந்து எதையோ அவசரமாக உருவியது, அவள் திரும்பாமலேயே, அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தது. பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"சாக்ஸ் இன்னும் காயல. ஈரத்தோட மாட்டாதேன்னா நீ எங்க கேக்கப்போற."