கால் அங்குல ஆமைகள்

1986ஆம் வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பாக்கத்தில் தட்சிணாமூர்த்தியின் வீடு எட்டேகால் அங்குலம் கிழக்கே நகர்ந்திருந்தது. கிழக்கு ஜன்னலுக்கு வெயில் மறைப்பு அடிக்கலாம் என்று டேப்பைப் பிடித்தபோதுதான் அவர் அதைக் கண்டார். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஐந்தடி இருக்க வேண்டும். நாலடி மூன்றேமுக்கால் அங்குலம்தான் இருந்தது. மேற்குப் பக்கம் போய் அளந்தார். அங்கே அதே எட்டேகால் கூடுதலாக இருந்தது. அவர் கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். பதினெட்டு வருஷமாக அவர் வரைந்த பாலங்களும் பள்ளிக்கூடங்களும் வரைந்த இடத்திலேயே ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. தான் வரைந்து தானே குடியேறிய வீடு இப்படிச் செய்ததில் அவருக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். டேப்பில்தான் பிழை இருக்கும் என்று மறுநாள் ஆபீஸ் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். அதற்குள் வீடு இன்னொரு கால் அங்குலம் போயிருந்தது.

காரணம் கூடத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் பேசினில் இருந்தது. டிசம்பர் பத்தாம் தேதி, மழை விட்ட மறுநாள், அவர் மனைவி தையல்நாயகி தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் முடித்து வரும் வழியில், வேளச்சேரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இரண்டு கறுப்பு ஆமைகள் அவசரமில்லாமல் கடந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தி, இரண்டையும் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெளியூர் அழைப்பின் பெயரால் பெரியதற்கு ட்ரங்க் என்றும் உள்ளூர் அழைப்பின் பெயரால் சிறியதற்கு லோக்கல் என்றும் பெயர் வைத்தாள். ஆமை நுழைந்த வீட்டைப் பற்றி ஊரில் சொல்வதைத் தெருக்காரர்கள் முறை வைத்து வந்து நினைவூட்டினார்கள். “அதுங்க நுழையலைங்க, நான்தான் தூக்கிட்டு வந்தேன்” என்று அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். ஆமைகளோ கீரையும் மண்புழுவும் தின்றுவிட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசினின் கிழக்குப் பக்கத்தை முட்டிக்கொண்டிருந்தன. அவை முட்டின நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாளுக்குக் கால் அங்குலம் சரியாக வந்தது.

வீடு நகர்வதில் பெரிய தொந்தரவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு கீறல் விழவில்லை, அடுப்பில் பால் தளும்பவில்லை. மேற்கு மூலையில் இருந்த கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றதால், பின்வாசலிலிருந்து மூன்று எட்டில் இருந்த கிணற்றடி மெல்ல நான்கு எட்டானது. கேட்டும் வாசற்படியும் நேர்க்கோட்டிலிருந்து விலகின; தபால்காரர் சற்றுச் சாய்ந்து நடந்து பழகிக்கொண்டார். மின்சாரக் கம்பிக்கு லைன்மேன் மூன்று அடி ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். பூமிக்கு அடியில் கழிவுக் குழாய் எப்படி நீண்டுகொண்டது என்பதைத் தோண்டிப் பார்க்க யாரும் ஆசைப்படவில்லை.

தொந்தரவு கிழக்கே, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரயில்வேயில் ஆடிட் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்ரீநிவாசராகவனுக்கும் தட்சிணாமூர்த்திக்கும் நடுவே அந்தச் சுவர் இரண்டு சர்வேயர்களையும் ஒரு வருஷத்துப் பேச்சின்மையையும் தாண்டி எழுந்தது. பிப்ரவரியில் அவர் அந்தப் பேச்சின்மையைத் தாமே முறித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

“ஸார், உங்க வீடு எங்காத்துப் பக்கமா வந்துண்டிருக்கு. என்ன பண்றதா உத்தேசம்?”

“தினம் அளந்துகிட்டுத்தான் இருக்கேன் சார்.”

“அளந்துண்டே இருங்கோ. சுவத்தை ஒரு நூல் தொட்டாலும் கோர்ட்டுதான்.”

இப்படித்தான் தட்சிணாமூர்த்தி ஆமைத் தொட்டி அமைக்கும் வேலையில் இறங்கினார். பேசின் பிடிக்காமல்தான் முட்டுகின்றன, நல்ல இடம் கொடுத்தால் அடங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மார்ச் மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிவந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கலர் கூழாங்கல் போட்டு ஆமைகளை விட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஏறி உட்கார ஒரு கல் இல்லாததால் இரண்டும் ஓயாமல் நீந்திக்கொண்டே இருந்தன. வீடு நாளுக்கு அரை அங்குலம் போக ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் பத்தரை அங்குலம் போனபின் தொட்டியை விற்றுவிட்டு, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை ஒன்றை மாடிப்படிக்கு அடியில் வைத்து, நடுவில் கருங்கல் போட்டு, தண்ணீரைக் குறைத்தார். வேகம் பழையபடி காலுக்கு வந்தது. ஆனால் அங்கே வெயில் எட்டவில்லை. மே மாதத்தில் லோக்கலின் ஓடு ஓரத்தில் வெளுத்து, அமுக்கினால் அமுங்கியது. தையல்நாயகி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் விழும் இடம் தேடி வீட்டுக்குள் அறை அறையாக நடந்தாள். மனையில் முடிந்தவரை பெரிதாக வீட்டை வரைந்தவர் அவர். கிழக்குச் சந்து எந்நேரமும் சுவர் நிழலில் கிடந்தது. தன் பிளானில் வெயிலுக்கு இடம் விடவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. ஆமைகள் மேல் வந்தது.

மே இருபதாம் தேதி, மனைவி ஷிப்டில் இருந்தபோது, அவர் இரண்டையும் பையில் போட்டுக் கிழக்கே ஏரிக்குக் கொண்டுபோய்க் கரையில் விட்டுவிட்டு வந்தார். தையல்நாயகி வந்தாள், காலி உறையைப் பார்த்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. அவர் எதைக் கேட்டாலும் எக்ஸ்சேஞ்சுக் குரலில், “லைன் கிடைக்கலை சார், அப்புறம் டிரை பண்ணுங்க” என்றாள். சோறு போட்டாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், லைன் மட்டும் கிடைக்கவில்லை. இது ஒரு பக்கம் இருக்க, வீடு நிற்கவும் இல்லை. ஆமைகள் இருந்தபோது கால் அங்குலம் போனது, இப்போது ஆமைகளைத் தேடிக்கொண்டு நாளுக்கு ஓர் அங்குலமாக ஏரிப் பக்கம் போனது. சுவருக்கு இன்னும் ஓரடிதான் பாக்கி.

இரண்டாம் நாளிலிருந்து அவர் ஆபீஸ் விட்டதும் நேராக ஏரிக்குப் போனார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் நின்று, “ட்ரங்க்! லோக்கல்!” என்று கூப்பிட்டார். துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் வெட்கம் போய்விட்டது. அவை செத்திருக்குமோ என்கிற பயம் வந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு முதலில் ட்ரங்க் வந்தது, பின்னாலேயே லோக்கல். அவர் சேற்றோடு சேற்றாக உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவேயில்லை. வீட்டுக் கதவைத் திறந்த தையல்நாயகி பையை வாங்கி உள்ளே பார்த்தாள். “லைன் கொடுத்தாச்சு, பேசுங்க” என்றாள். அவர் சேற்றுக் காலோடு உள்ளே போய் உறையில் தண்ணீர் நிரப்பினார்.

மறுநாள் சவுரிமுத்துவை வரவழைத்தார்கள். சவுரிமுத்து அந்தப் பக்கத்துக் கொத்தனார். தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் பெயர் போனவர். தட்சிணாமூர்த்தி பிளானையும் தினசரி அளவுகளையும் விரித்து, வீடு கிழக்கே எங்கே போகப் பார்க்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். சவுரிமுத்து அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐந்தடியாக இருந்த சந்து ஒன்பதடிக்கு மேல் அகன்று, புல் முளைத்து, பக்கத்துக் காலி மனையிலிருந்து வந்த வெயில் முழுக்க அங்கே விழுந்துகிடந்தது.

“இன்னா சார் நீங்க. கெழக்கால எங்க போவுது, எங்க போவுதுன்னு பாத்துகினு கீறீங்க. மேற்கால இன்னா வுட்டுட்டு வருதுன்னு பாத்தீங்களா? அது எங்கியும் போவல சார். ஆமைக்கு எடம் பண்ணிகினு கீது.”

தட்சிணாமூர்த்தி பிளானை மடித்துப் பைக்குள் வைத்தார். அன்று இரண்டு பேரும் தரையில் குச்சியால் வரைந்தார்கள். எட்டடி நீளம், ஐந்தடி அகலம். ஒரு கோடியில் ஒன்றரை அடி ஆழம். அங்கிருந்து தரை சரிவாக மேலேறி, தண்ணீரைவிட்டு வெளியே வந்து, காய்ந்த மணல் மேடாக முடிய வேண்டும். மணல் முட்டையிட, நடுவில் தட்டைக் கல் வெயில் காய, ஒரு மூலைக்கு மட்டும் கீற்று நிழல். அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட அடியில் அடைப்பு வைத்த குழாய். ஏறிப் போய்விடாமலிருக்க விளிம்பு உள்பக்கமாக வளைய வேண்டும். பதினெட்டு நாளில் கட்டி முடித்தார்கள். வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அங்குலம் மிச்சம். தட்சிணாமூர்த்தி ஆமைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சவுரிமுத்து குறுக்கே கை நீட்டினார்.

“புது சிமெண்டு சார். காரம் போவணும். இப்ப வுட்டா கண்ணு, தோலு எல்லாம் வெந்துடும். பத்து நாளு வாழத்தண்டும் புளியும் போட்டு ஊற வெச்சு ஊற வெச்சு வெளிய வுடணும்.”

“பத்து நாள்ல ரெண்டரை அங்குலம் போயிடும்யா!”

“மூணு கீது இல்ல?”

வேறு வழியில்லை. அந்தப் பத்து நாளும் ஸ்ரீநிவாசராகவன் தம் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டு, ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கேஸ் மனு தயாராக மடியில் இருந்தது. தட்சிணாமூர்த்தி லீவு போட்டுத் தண்ணீர் மாற்றினார், வாழைத்தண்டு நறுக்கினார், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தையல்நாயகி அவருக்குத் தெரியாமல் ஆமைகளிடம் போய், “இன்னும் நாலே நாள்டா, மெதுவா முட்டுங்க” என்று கெஞ்சினாள். ஜூன் இருபத்துநாலாம் தேதி காலை, அரை அங்குலம் மிச்சமிருக்கும்போது, ஆமைகள் தொட்டியில் இறங்கின. லோக்கல் ஒரு சுற்று நீந்தியது. ட்ரங்க் சரிவில் ஏறி, கல்மேல் படுத்து, நாலு காலையும் பின்னால் நீட்டிக்கொண்டது. மறுநாள் அளந்தபோது வீடு அங்கேயே இருந்தது. அடுத்த நாளும் அங்கேயே இருந்தது.

வீட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவைக்கச் சொல்லி வழக்குப் போடுவதாக ஸ்ரீநிவாசராகவன் சொல்லிப் பார்த்தார். ஆனால் அவர் மனைவி நாகலக்ஷ்மிக்கு மூட்டு வலி. நாலு வருஷமாக வெளியே போகாதவர். இப்போது இரண்டு சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே, இரண்டு பேர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. ரசம் இந்தப் பக்கம் வந்தது, கறிவேப்பிலை அந்தப் பக்கம் போனது, தையல்நாயகி எக்ஸ்சேஞ்சுக் கதைகளைத் தினமும் சாயங்காலம் ஜன்னலில் நின்று சொன்னாள். “அந்த வீடு பின்னால போச்சுன்னா நானும் அதோடயே போயிடுவேன், பாத்துக்கோங்கோ” என்று நாகலக்ஷ்மி சொன்னதும் மனு அலமாரிக்குப் போனது. அடுத்த வருஷம் ஸ்ரீநிவாசராகவனே காலையில் பொன்னாங்கண்ணிக் கட்டோடு தொட்டிக்கு வந்து, ட்ரங்க் சாப்பிடும் அளவைப் பற்றித் தட்சிணாமூர்த்தியிடம் தணிக்கைக் குறிப்பு சொல்ல ஆரம்பித்தார்.

லோக்கலின் ஓடு கெட்டிப்பட்டது. 89இல் மணல் மேட்டில் நாலு முட்டை, 91இல் ஆறு, 93இல் ஐந்து. தெருவில் ஆமையைப் பற்றிய பழைய பேச்சு ஒருவருக்கும் ஞாபகமில்லை. 94 தை மாதம் அஸ்தினாபுரத்திலிருந்து பக்தவச்சலம் என்கிற லேத் பட்டறைக்காரர், சவுரிமுத்து அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்குத் தெருக்குத்து. எதிர்த்தெரு நேராக வந்து அவர் வாசலில் முட்டுகிறது. வாஸ்து பார்த்தவர்கள் எல்லாம் பயமுறுத்துகிறார்கள். ஆறடி வடக்கே போனால் போதும் என்றார். தட்சிணாமூர்த்தி அவர் வீட்டுப் பிளானை வாங்கிப் பார்த்து, தெற்குப் பக்கத்தில் தொட்டியை வரைந்து கொடுத்து, இரண்டு குஞ்சுகளை ஒரு டப்பாவில் வைத்தார்.

“தொட்டி வர வேண்டிய பக்கத்தைத் தினமும் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. வெயில் படணும், கல் வேணும், தண்ணி மாத்தணும். ஆறடி ஆனதும் கட்டிடுங்க. ஆனா குஞ்சு பாருங்க, நாளுக்கு அரைக்கால் அங்குலம்தான் போகும். ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும்.”

“ஆவட்டும் சார். நானும் வூட்லதானே கீறேன், கூடவே போய்க்கிறேன்.”

95 ஆவணியில் பக்தவச்சலம் பத்திரிகையோடு வந்தார். அதே வீட்டுக்கு, அதே கதவு எண்ணுக்கு, இரண்டாவது கிரகப்பிரவேசம். தட்சிணாமூர்த்தியும் தையல்நாயகியும் போனார்கள். ஸ்ரீநிவாசராகவன் நாகலக்ஷ்மியை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தார். பசுவை உள்ளே ஓட்டுவதற்கு முன் புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, வீடு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது எந்தத் தேதி, காலையா சாயங்காலமா என்று கேட்டார். பக்தவச்சலம் தேதி சொல்லி, காலை ஒன்பதரை என்றார். புரோகிதர் விரல்விட்டு எண்ணி, நல்ல நட்சத்திரம்தான் என்று சொல்லி, தேங்காயை எடுத்தார்.