மூச்சு இருக்கும்போதே

"இதுல பாஞ்சாலி யாரு?" என்று நர்ஸ் மறுபடியும் கேட்ட பிறகுதான் பாஞ்சாலி பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஐ.சி.யூ. வாசலில் ராஜாமணியின் மகன் வேங்கடேசனும் மகள் சங்கவியும் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல, அவள் மேல் உரசிவிடக் கூடாதே என்றுதான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அவரும் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை.

"ரெண்டு டாக்டர் குழுவும் பார்த்துட்டாங்கம்மா. மூளையில ரத்தக்கசிவு ரொம்ப அதிகம், இனிமே நெனவு திரும்பாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போயாச்சு. வாயில இருக்கிற குழாயை எடுக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும். நல்லா இருக்கும்போதே உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருக்காங்க."

"பெத்த புள்ளைங்க ரெண்டு பேரு கல்லு மாதிரி நிக்கிறோம்," என்றாள் சங்கவி. "எங்கம்மாகூட பேச்சுவார்த்தையே இல்லாதவங்க சொல்லி எங்கம்மாவ சாவடிக்கிறதா?"

பேச்சுவார்த்தை இல்லை என்பது உண்மைதான். ராஜாமணி அண்ணனைக் கட்டியவள், பாஞ்சாலி தம்பியைக் கட்டியவள். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பு. இரண்டு புருஷன்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. பாஞ்சாலியின் ஆடு ராஜாமணியின் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியை மேய்ந்ததில் தொடங்கிய சண்டை. அந்த ஆட்டையும் விற்றாயிற்று, அதன் குட்டிகளையும் விற்றாயிற்று. சண்டையை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரே ஒரு நாள் ராஜாமணி பேசினாள். போன வருஷம், வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு.

"எனக்கு நெனப்பு தப்பிப் போச்சுன்னா நீதான் முடிவு சொல்லணும். விழுப்புரத்துல நோட்டரி வக்கீலாண்ட எழுதப் போறேன். நீயும் வந்து கையெழுத்து போடு."

"ஏன், உன் புள்ளைங்களுக்கு இன்னா வந்துது?"

"அதுங்க அழுதுகினு நிக்கும். டாக்டரு இன்னா சொன்னாலும் தலைய ஆட்டும். அவங்க அப்பாவுக்கு நடந்ததப் பார்த்த இல்ல?"

பாஞ்சாலி பார்த்திருந்தாள். மூத்தாருக்குக் கையைக் கட்டிலோடு கட்டி, வாயில் குழாயைச் சொருகி, கடைசியில் அங்கேயே உயிர் போயிற்று. வெளியில் உயிர் போன உடம்பை வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். தன் கையால் கல் சுமந்து கட்டிய வீட்டின் எதிரில், தெருவில், தார்ப்பாய்க்குக் கீழே அவரைக் கிடத்தினார்கள். அன்றைக்கென்று மழை வேறு.

"மூச்சு என் வூட்டுக்குள்ள போவணும், அதையும் எழுதுங்க," என்று ராஜாமணி நோட்டரியிடம் கேட்டாள். "அதெல்லாம் இதுல வராதும்மா," என்று அவர் சிரித்துவிட்டார். படி இறங்கும்போது, "அதையும் நீயே பார்த்துக்க," என்றாள் பாஞ்சாலியிடம். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். மறுநாளிலிருந்து பழையபடி பேச்சில்லை.

இப்போது கேட்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ராஜாமணி போய்விட்டால் இனி யாரோடு பேசாமல் இருப்பது? காலையில் பாஞ்சாலி வாசல் தெளிக்கும்போது அந்தப் பக்கத்தில் துடைப்பச் சத்தம் கேட்கும். அதற்கு முந்திக்கொண்டு எழ வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் எழுந்திருக்கிறாள்.

"நாளைக்கு சொல்லட்டுமா சார்?" என்றாள்.

வேங்கடேசன் திரும்பிப் பார்த்தான். அவள் இப்படிக் கேட்பாள் என்று அவன் நினைக்கவேயில்லை.

"சொல்லலாம்மா," என்றார் டாக்டர். "அவங்களைப் பார்த்துட்டே வாங்க."

உள்ளே போனாள். கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியால் ராஜாமணியின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தது. இரண்டு கையையும் துணிப் பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பாஞ்சாலி முதலில் முடிச்சுகளைத்தான் அவிழ்த்தாள். நர்ஸ் ஏதோ சொன்னாள், அவள் காதில் வாங்கவில்லை.

வெளியே வந்து, "எடுத்துடுங்க," என்றாள். "மூச்சு இருக்கும்போதே வூட்டுக்குக் கொண்டு போயிடறோம்."

சங்கவி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தம்மாகூட ஒரே வண்டியில நான் ஏற மாட்டேன்."

குழாயை எடுத்த பிறகும் மூச்சு இருந்தது. மெதுவாக, விட்டுவிட்டு வந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வீட்டை ஒழித்துவைக்க வேங்கடேசன் தங்கையை ஏற்றிக்கொண்டு காரில் முன்னால் போனான். போகுமுன், "நீங்களே கூட வந்துடுங்க சின்னம்மா," என்றான். அவனால் அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டு வர முடியாது என்று பாஞ்சாலிக்குத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் பிரான்சிஸ் அலுங்காமல் ஓட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை பாஞ்சாலி ராஜாமணியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலும் அலுப்பும் சேர்ந்து கண்ணை இழுத்தன. ஏதாவது பேசலாம், காது கேட்கும் என்கிறார்கள். ஆனால் தான் வாயைத் திறந்தால், நிலைமை அவ்வளவு மோசமா என்று ராஜாமணி பயந்துவிடுவாளோ என்று பேசாமலே வந்தாள். கையை மட்டும் பிடித்திருந்தாள்.

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் ஏறும்போது நெஞ்சு ஒருமுறை எழுந்து இறங்கியது. அடுத்தது வரும் என்று பார்த்தாள். பாலம் இறங்கியாயிற்று. வரவில்லை.

"பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்று பிரான்சிஸ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

பாஞ்சாலி புடவைத் தலைப்பால் ராஜாமணியின் நெற்றியைத் துடைத்தாள்.

"இருக்குறா. நீ ஜல்தி போப்பா."

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு சைரனைப் போட்டார்.

வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "உயிரு இருக்குதா? இல்லன்னா பந்தலுக்குக் கீழ வெச்சிடலாம்," என்றார்.

"இருக்குது. உள்ள தூக்குங்க. மூஞ்சில இருக்கிற மாஸ்க எடுக்காதீங்க, மூச்சு நின்னுடும்," என்றாள் பாஞ்சாலி. ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்த பிரான்சிஸ் குனிந்து, நிலைப்படியில் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கூடத்தில் பாயில் படுக்கவைத்தார்கள். பாஞ்சாலி தலைமாட்டில் உட்கார்ந்து, ராஜாமணியின் தலையைத் தன் மடிப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டாள். யாரையும் கிட்டே நெருங்கவிடவில்லை. "பாலு ஊத்தறவங்க ஒவ்வொருத்தரா ஜல்தி வாங்க, மூச்சு இருக்கும்போதே," என்றாள்.

மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். வேங்கடேசன் ஒரு ஸ்பூன் ஊற்றினான். அடுத்து சங்கவி ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்து பாஞ்சாலியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வை இல்லை இது.

"முழுங்குச்சா சின்னம்மா?"

கடைவாயில் வழிந்த பாலைப் பாஞ்சாலி அதற்குள் முந்தானையில் ஒற்றியிருந்தாள்.

"முழுங்கிட்டா," என்றாள்.

"எங்கம்மா முழுங்கிடுச்சிண்ணே," என்று சங்கவி அண்ணன் தோளில் விழுந்து அழுதாள். வேங்கடேசன் அவளை அணைத்தபடி, டம்ளரைப் பாஞ்சாலி பக்கம் நீட்டினான்.

"நீங்களும் ஊத்துங்க சின்னம்மா."

பாஞ்சாலி டம்ளரை வாங்கினாள். ஒரு விரலைப் பாலில் நனைத்து ராஜாமணியின் உதட்டில் தடவினாள். உதடு அதற்குள் ஆறிப்போயிருந்தது. டம்ளரில் இன்னும் பாதிக்கு மேல் பால் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.