படிக்கட்டுக்கு வாடகை இல்லை

மூன்றாவது முறையும் தூக்கிப் பார்த்துவிட்டு உடலை ஏணி வாய்க்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தார்கள். பிரம்மநாயகம் உயிரோடு இருந்தபோதே நூற்றுப் பத்து கிலோ. இப்போது விறைத்தும் போயிருந்தார். சந்திலிருந்து மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியோ செங்குத்தானது, அகலம் ஒன்றரை அடி. குறுக்கே கரண்ட் ஒயர்கள் வேறு.

"நிக்க வச்சு பலகையில கெட்டி இறக்கிருவோம், மைனி," என்றான் இறந்தவரின் தம்பி சுடலைக்கண்ணன். "தாராவியில மாடி வீட்டுக்காரங்கள அப்படித்தான இறக்குதாங்க. வண்டி தொண்ணூறடி ரோட்ல ஒரு மணி நேரமா நிக்கி."

பேராச்சி கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடியக்காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து அவள் அழவில்லை. பெண்கள் அதைக் கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்தும் அழவில்லை.

"நிக்க வச்சு கெட்டுததுக்கு அவுக என்ன கேஸ் சிலிண்டரா? படுக்க வச்சுதான் இறக்கணும். காசிம கூப்பிடுங்க."

காசிம் கொத்தனார். பிரம்மநாயகத்தின் சுவர்களையெல்லாம் எழுப்பியவர். அவர் மேலே வந்ததும் பேராச்சி எழுந்துபோய், அறையின் நடுவில் ஒரு டைல்ஸின் மேல் காலை வைத்தாள்.

"இங்கன ஒடைங்க."

சுடலைக்கண்ணனின் முகம் வெளுத்தது. அதற்கு நேர் கீழேதான் முன் ரூம். கடன் வாங்கி, பளபளவென்று தரை போட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்து, போன வாரம்தான் முடித்திருந்தார் பிரம்மநாயகம். மறுநாள் எம்பிராய்டரி கம்பெனிக்காரன் மெஷின்களோடு குடிவர இருந்தான்.

பிரம்மநாயகத்துக்குத் தாராவியில் பதினோரு ரூம்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வாடகைக்கு விடுவதற்காகப் புதிதாக ரூம் வாங்கப்போகிறவர்கள் யோசனை கேட்டு வருவார்கள். டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லுவார்: "கையில உள்ளது பூராத்தையும் மொத ரூம்லயே போட்டுறாத. ஆறு மாசத் தவணைய தனியா எடுத்து வையி. ரூம் காலியா கெடந்தா பேங்க்காரன் காத்திருக்க மாட்டான். வர்ற வாடகை தவணையையும் தாங்கணும், ரிப்பேரையும் தாங்கணும். இல்லன்னா அந்த ரூம் நமக்கு வேண்டாம். பெயிண்ட் அடிக்கதுக்கு முன்ன ஒழுகலப் பாரு, பைப்பப் பாரு. பொம்பள பேர்ல கடன் கேளு, வட்டி கொறையும்."

நல்ல யோசனைகள்தாம். கேட்டுப் போனவர்கள் யாரும் கெட்டுப் போகவில்லை. சுடலைக்கண்ணனே அப்படித்தான் அம்பர்நாத்தில் இரண்டு ரூம் வாங்கினான்.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார்: "படிக்கட்டுக்கு எவனும் வாடகை தரமாட்டான்."

அந்த டம்ளரை எடுக்க வரும்போதெல்லாம் பேராச்சி அதைக் கேட்டிருக்கிறாள்.

பத்தொன்பது வருஷங்களுக்கு முன்னால், ஏழு மாத வயிற்றோடு, தண்ணீர் பிடிக்கக் குடத்துடன் இறங்கியபோது அந்த ஏணியிலிருந்து விழுந்தாள். கீழே பின் ரூமில் குடியிருந்த நூர் நிஷாதான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. அழவே இல்லை. அதற்குப் பிறகு பேராச்சிக்கு வயிறு திறக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் ஒரு படிக்கட்டு கேட்டாள். அவரிடம் அவள் கேட்ட ஒரே பொருள் அதுதான். பிரம்மநாயகம் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். படி வைத்தால் முன் ரூம் போய்விடும். "பாத்து இறங்கணும்ட்டி," என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே முன் ரூமுக்கு வாடகை ஆள் வைத்தார்.

"மைனி, நாளைக்கு ஆளு வாராங்க," சுடலைக்கண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் இருந்தா இத ஒடைக்க விடுவானா?"

"ஊருக்கே யோசனை சொன்ன மனுசன். கெட்டுன வீட்டுலருந்து மரியாதையா இறங்க வேண்டாமா?" பேராச்சி சத்தமாகவே சொன்னாள். குரல் உடைந்தது, அவள்தான் உடைத்தாள். பெண்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற நூர் நிஷா மட்டும் அவளை நேராகப் பார்த்தாள். பேராச்சியும் கண்ணைத் திருப்பவில்லை.

காசிம் சுத்தியலோடு தயங்கினார். "யார் சொல்றதக் கேக்கறது?"

"பேப்பர் என் பேர்ல இருக்கு. வீட்டுக்காரி சொல்லுதேன். ஒடைங்க."

முதல் அடியில் டைல்ஸ் நான்காகத் தெறித்தது. அந்தச் சத்தம் பேராச்சிக்கு இனித்தது. ஒவ்வொரு அடிக்கும் சுடலைக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அவளோ இமைக்காமல் பார்த்தாள். அடியில் இரும்பு கர்டர்களும் அவற்றின்மேல் பரப்பிய கடப்பாக் கற்களும் தெரிந்தன.

"ரெண்டு கல்லு போதும்க்கா."

"நாலு எடுங்க."

கல்லைப் பெயர்த்ததும் கீழே புதுச் சீலிங் பொத்தென்று விழுந்தது. வெள்ளைத் தூசி மேலே கிளம்பிப் பிரம்மநாயகத்தின் முகத்தில் படிந்தது. சுடலைக்கண்ணனின் மனைவி முந்தானையால் துடைக்கக் குனிந்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் பேராச்சி. "அவுக பார்த்துப் பார்த்துப் போட்டதுதான."

பெரிய ஜமுக்காளத்தில் கிடத்தி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, அந்தத் துளை வழியாக இறக்கினார்கள். கீழே நொறுங்கிக் கிடந்த சீலிங்கின்மேல் அவர் போய் இறங்கினார். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்து முனையில் சங்கு ஊதும் சத்தம் கேட்டு, அப்புறம் பஸ் ஹாரன்களுக்குள் காணாமல் போனது.

பெண்கள் கலைந்ததும் நூர் நிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு சொட்டாவது அழுதிருக்கலாம்லக்கா. நாலு பேரு பேசுவாங்க."

"அழுதாச்சு. நீதான ஆட்டோல கூட இருந்த."

நூர் நிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காசிம் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "பழையபடி மூடிரட்டாக்கா? சீலிங்க நாளைக்குள்ள ஒட்டிரலாம். கம்பெனிக்காரன் வர்றதுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

"அவன வரவேண்டாம்னு காலையிலயே சொல்லியாச்சு. சும்மா ஒரு பலகைய மட்டும் போடுங்க. பதினாறு முடிஞ்சதும் இங்கன படிக்கட்டு கெட்டணும்."

"முன் ரூம் போயிருமேக்கா."

"போவட்டும்."

காசிம் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். "எத்தன அடி அகலம் வைக்கணும்?"

பேராச்சிக்கு அடிக்கணக்கெல்லாம் தெரியாது. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தாள். காசிம் டேப்பை இழுத்து, ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனிவரை அளந்தார்.