மேற்குச் சுவர்

இன்ஷூரன்ஸ்காரர் இரண்டாவது கோப்பை புளித்தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. வேலையாக வந்த மனிதர் இப்படி ரசித்துக் குடிக்கமாட்டார். ஹோல்கம் என்று பெயர். ஆபீஸ் அறை நல்ல குளுமை என்றார். மேசையில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியே இருக்கீங்க மேடம்” என்றார். எங்கள் யூமா ஊர்ப் பாலைவன வெயிலில் காய்ந்த முகம் எப்படி அப்படியே இருக்கும்? இவர் எதற்கோ அடி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் ரமீரோவோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

லுண்ட் அம்மாள் வீட்டுப் பரணில் நாங்கள் போட்ட குழாய் விட்டுப்போயிருந்தது. அந்த அம்மாள் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால், சீலிங் பெயர்ந்து கட்டில்மேல் கிடக்கிறது, வீடு முழுக்கத் தண்ணீர். நஷ்டத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டால் நாங்கள் பிழைத்தோம். இல்லாவிட்டால் வேனும் போகும், இந்த இடமும் போகும். வேலை செய்தவனின் கை தவறியிருந்தால் கம்பெனி கொடுக்கும். கெட்டது என்று தெரிந்தே குழாயைப் போட்டிருந்தால் கைவிரித்துவிடும். எங்கள் ஊரில் குழாயைக் கெடுக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குழாய்ச் சுருளை வெயிலில் விட்டுவைத்தால் போதும். மேலுக்குப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளுக்குள் அப்பளமாகியிருக்கும். உடைந்ததோ ஜாயின்ட்டை ஒட்டிய இடம். கையின் தப்பா, குழாயின் தப்பா என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ரமீரோ சொல்லிவிட்டார். ஜாயின்ட்டைச் சரியாக அழுத்தாமல் விட்டவன் தன் தம்பி நெஸ்டர் என்று கம்பெனிக்கு முதல் நாளே போனில் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நெஸ்டர் தன் சாமான் பையை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றான்.

“என் கையில தப்பில்ல அண்ணி. குழாயப் பாக்கச் சொல்லுங்க.”

“குழாய்க்கு என்ன? கொட்டகைக்குள்ளதான இருந்துச்சு?”

“அத உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.”

கேட்டேன். ரமீரோ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “பின்ன எங்க இருக்கும், உன் தலகாணிக்கு அடியிலயா?” என்றார். அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பிளம்பரும் நெஸ்டரை வேலைக்குச் சேர்க்கவில்லை. இந்த வெயிலில் பேரீச்சந்தோப்பில் ஏணிமேல் நின்று குலைகளுக்குப் பை கட்டிக்கொண்டிருக்கிறான். என் கணவரைவிட அவன் நல்ல வேலைக்காரன். அது என் கணவருக்கும் தெரியும்.

ஹோல்கம் கோப்பையை வைத்துவிட்டு, “சாமான் வைக்கிற எடத்த ஒரு தடவ பாத்துடலாமா?” என்றார், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல. கொட்டகைக்குள் குழாய்ச் சுருள்களெல்லாம் பெட்டிக்குள், கறுப்பு உறைக்குள் அடுக்கியிருந்தன. தன் செருப்பு ஜோடியைச் சேர்த்து விடத் தெரியாத என் கணவர் அடுக்கிய அடுக்கா இது? காலையில் காபிகூடக் குடிக்காமல் வேனை எடுத்துக்கொண்டு குப்பை கொட்டப் போயிருந்தார். என்ன குப்பை என்று நான் கேட்கவில்லை.

“வெளியிலயும் சுத்தி ஒரு பார்வை” என்றார் ஹோல்கம்.

கொட்டகையின் பின்பக்கம் நான் போவதே இல்லை. அண்ணனும் தம்பியும் அங்கே ஒளிந்து சிகரெட் பிடிப்பார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் போடலாம் என்று முந்திக்கொண்டு போனேன். அப்போதுதான் மேற்குச் சுவரைப் பார்த்தேன். நாங்கள் வந்த புதிதில் அடித்த பச்சை, வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. நடுவில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே, கார் டயர் அளவுக்கு ஒரு வளையம் மட்டும் நேற்று அடித்த மாதிரி பச்சையாக இருந்தது.

குழாய்ச் சுருள் தொங்கிய இடம். சுருளைக் கழற்றியவருக்குச் சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை.

காலடிச் சத்தம் கேட்டதும் அதன்மேல் சாய்ந்துகொண்டேன். நல்லவேளை, எனக்கு உடம்பு அகலம். சட்டை வழியாக முதுகு தீய்ந்தது. கம்பெனியிடம் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. அதையே என்னிடமும் சொல்லியிருக்கிறாரே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“சுவர் கொதிக்குமே மேடம்” என்றார் ஹோல்கம். கையில் கேமரா.

“பழக்கம்தான் சார்.”

அவர் போகவில்லை. பார்த்துவிட்டாரா, பார்க்கவில்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படியே நின்றால் எங்கள் பிழைப்பு நிலைக்கும், நெஸ்டர் ஏணியிலேயே நிற்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“எல்விரா, கிறுக்கா புடிச்சிருக்கு?” ரமீரோ கிட்டே வந்தார். உண்மையாகவே பதறிப்போயிருந்தார், அது எனக்குத் தெரிந்தது. “தோலு உரிஞ்சு போயிரும்டி. நெழலுக்கு வா.”

கையை நீட்டினார். நான் கொடுத்தேன். அவர் இழுத்தார். நான் காலை ஊன்றிக்கொள்ளவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த சட்டை பிரிந்து வந்தது. முதுகுக்கு ஐஸ் வைக்கவேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தவர், என் தோளுக்குமேல் சுவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். கையை மட்டும் விடவில்லை. பிடி இறுகிக்கொண்டே போனது.