பட்டியலில் இல்லாத வீடு

என் அப்பா எங்கள் சபையில் டீக்கன். இருபத்திரண்டு வருஷமாக. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மூப்பர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். டீக்கன்கள் நாற்காலி போடுவார்கள். மூப்பர்கள் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். டீக்கன்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாராவது மயங்கி விழுந்தால் தண்ணீரோடு ஓடுவார்கள். இதைச் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. "ரெண்டும் ஊழியந்தான். நாலு எழுத்து படிச்சிட்டா எல்லாத்தயும் நக்கல் பண்ணணுமா?" என்பார். அந்த நாலு எழுத்தை எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதனால் சபையில் எனக்குப் பட்டப்பெயரே 'பட்டதாரி'தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு ஒரு மூப்பர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துப் போவார். எடுத்துப் போவார் என்பது ஒரு பேச்சுக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அப்பா. யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் எழுதுவதும் அப்பா. ஆனால் அப்பத்தை எடுத்துக் கையில் கொடுப்பது மூப்பர் மட்டும்தான். டீக்கன் கொடுக்கக் கூடாது. அது சபைச் சட்டம்.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் பத்து நிமிஷத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

முதல் ஞாயிறு வந்தால் போதும், தலை வாரிவிடச் சொல்வாள். நல்ல உடுப்பு கேட்பாள். எதற்கு என்று சொல்ல மாட்டாள். சாயங்காலம் நான்கு மணிவாக்கில் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரே ஒரு ஆளின் சத்தம். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்பா நேரே சமையலறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, விரல் உயரக் கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்ப்பார். அந்தச் சின்னச் சத்தம் கட்டில்வரை வரும். திராட்சை வாசனையும் வரும்.

எட்டாவது மாதம் அம்மா கேட்டேவிட்டாள்.

"அதுல மிச்சம் எதாவது இருக்கா?"

குழாய்ச் சத்தம் நின்றது. "மிச்சத்தக் குடுக்கக் கூடாதும்மா," என்றார் அப்பா.

"சும்மாதான் கேட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் அவர்களுக்கு நாற்காலி சுமந்திருக்கிறார். அவர் பெண்டாட்டிக்கு ஒரு துண்டு அப்பம் கொண்டுவர அந்த மூப்பர்களுக்குக் கால் வலிக்கிறதா? நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு. அதனால் கோயில் பக்கம் போயே பல மாதம். நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்தான் ஆறும் என்று தோன்றியது.

அடுத்த முதல் ஞாயிறுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனேன். மூத்த மூப்பர் மரக்கடை வைத்திருக்கிறார். பலகை அறுக்கிற இயந்திரத்தின் இரைச்சலில், புருவமெல்லாம் மரத்தூளாக, காதில் பென்சிலோடு நின்றிருந்தார்.

"வாங்க பட்டதாரி. வேலைக்குப் போனதும் எங்களயெல்லாம் மறந்தாச்சு."

"மறந்தது யாருங்கய்யா? எங்கம்மா படுத்து எட்டு மாசமாச்சு. ஒரு மூப்பராவது படி ஏறி வந்தீங்களா?"

இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வந்த அமைதியில் என் குரல் கடை முழுக்கக் கேட்டது. நான் அதற்காகக் குறைத்துக்கொள்ளவில்லை. விழுந்த தேதியைச் சொன்னேன். தலை வாருவதைச் சொன்னேன். கோப்பைச் சத்தத்தைச் சொன்னேன். மிச்சம் கேட்டதையும் சொன்னேன். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வரும் ஞாயிறுக்கான பட்டியல். அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. பக்கவாதம் வந்த தையல்காரர், கண் தெரியாத ஓய்வுபெற்ற நர்ஸ், மூச்சுத்திணறல்காரர்... ஆறு பெயர். அம்மா பெயர் இல்லை.

"போன மாசம்?"

"எந்த மாசமும் இல்லம்மா."

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பெயர் எழுதாத குழாய் வந்தால் உள்ளே இருப்பது யார் ரத்தமாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம். எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

"பட்டியல்ல இல்லன்னா என்ன? அவங்க விழுந்தது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆஸ்பத்திரிக்கே வந்தேனே. அப்புறம் உங்கப்பாகிட்ட ஒரு தடவ கேட்டேன், வீட்டுக்கு வரட்டுமான்னு. 'என் வீட்ட நான் பாத்துக்கிறேன்'னார்." மூப்பர் தலையைத் தட்டினார், மரத்தூள் உதிர்ந்தது. "பெட்டி அவர் வீட்டுலதான் இருக்கு. அவரே குடுத்துடறாருன்னு நெனச்சேன். சட்டப்படி தப்பு. ஆனா மனுஷன் இவ்வளவு செய்யறார், பெண்டாட்டிக்குக் குடுத்தா என்ன குடி முழுகிடும்னு கண்டும் காணாம விட்டேன்."

அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருக்கிறார். அப்பா கண்டிப்பாகச் சட்டத்தைக் காத்திருக்கிறார். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் அம்மா எட்டு மாதம் பட்டினி.

"எழுதுங்க," என்றேன்.

"பட்டியல டீக்கன்தானேம்மா எழுதணும்..."

"எழுதுங்கய்யா."

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பலகை மேல் தாளை வைத்து, ஆறு பெயருக்கும் மேலே, இருந்த கொஞ்ச இடத்தில் அம்மாவின் பெயரை நெருக்கி எழுதினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைச் சமையலறையில் பிடித்தேன். "ஏம்பா எழுதல?"

முதலில் மழுப்பினார். "டீக்கனே தன் வீட்ட எழுதினா நாலு பேர் என்ன சொல்வாங்க? ஊருக்கு முன்னாடி தன் எலையப் போட்டுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்ப மூப்பர் கேட்டப்பவாவது வாங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவ கேட்டார். வேண்டாம்னேன். இன்னொரு தடவ கேப்பார்னு நெனச்சேன்." ஈரமே இல்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருஷமா எல்லார் பேரையும் நான் எழுதறேன். என் வீட்டப் பத்தி ஒருத்தர் நெனச்சுப் பாக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. தப்புதான். அவள வச்சு நான் வீம்பு புடிச்சிருக்கக் கூடாது."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அவர் கையிலிருந்து துண்டை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுப்புப் போட்டேன். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் படியில் இரண்டு ஆள் சத்தம் கேட்டது. மூப்பர் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். "இன்னொரு மாடி இருந்தா நானே பட்டியல்ல சேந்துருவேன்," என்று இரைத்தார்.

வழக்கப்படி டீக்கன்தான் முதலில் அறைக்குள் போய், படுத்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வி. அப்பா பெட்டியோடு நின்றார். செருமினார்.

"கர்த்தருடைய பந்தியில சேர ஆயத்தமா இருக்கீங்களா?"

பெண்டாட்டியை 'நீங்க' என்றார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆயத்தமாகி எட்டு மாசமாச்சு."

மூப்பர் ஜெபித்தார். நான் அம்மாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்தேன். மூப்பர் அப்பத்தை அவள் கையில் வைத்தார். அவள் வாயில் போடவில்லை. விரலுக்குள் வைத்துக்கொண்டு, "ஐயா, இவர என் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க," என்றாள்.

"நான் கோயில்லயே எடுத்துட்டேன்," என்றார் அப்பா.

"என் பக்கத்துல எடுக்கல." அம்மா மூப்பரிடம்தான் பேசினாள். "இருவத்திரண்டு வருஷம்யா. இவர் பின்னால நிப்பார். எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சதும் நின்னுக்கிட்டே எடுப்பார். பெஞ்சுல என் பக்கத்துல எப்பவும் வேற யாராவதுதான் இருப்பாங்க. தட்ட அவங்க கையில குடுக்கும்போதெல்லாம் நெனப்பேன், ஒரே ஒரு வாட்டி இது இவர் கையா இருந்தா என்னன்னு. இந்த எட்டு மாசமும் அப்பத்துக்கு மட்டும் நான் ஏங்கல."

ஒரே நாளில் இரண்டு முறை கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, மூப்பர் அப்பாவின் கையிலிருந்து பெட்டியை அவரே வாங்கிக்கொண்டு, "உக்காருங்க," என்றார்.

அப்பா கட்டில் விளிம்பில், விருந்தாளி வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். அம்மா அப்பத்தை இரண்டாகப் பிட்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள். கோப்பை வந்தது. சாய்ந்தபடியே வாங்கியதில் இரண்டு சொட்டு போர்வையில் விழுந்தது. பாதி குடித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மூப்பர் மெல்ல, "இன்னும் ஆறு வீடு இருக்கு," என்றார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"ஏம்மா, பொம்பளப் புள்ளைங்க இதத் தூக்கறது நம்ம சபையில..." என்று ஆரம்பித்தார் மூப்பர்.

"நடந்துக்கிட்டே பேசலாம்யா. தையல்காரர் தாத்தா பாத்துக்கிட்டிருப்பார்."

கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினேன். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆராதனை இன்னும் முடியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உட்கார்ந்து பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை.